கழுத்தில் இருந்தவள்

பேச்சி அவர்களைக் கிழி கிழி என்று கிழித்தாள். அவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இது முதல் தடவை இல்லை. 'அனைவருக்குமான உயர்கல்வி' உயர்மட்டக் குழு திருநெல்வேலிக்கு வரும்போதெல்லாம் இதே கூத்துதான். மாணவர் பிரதிநிதி என்று அவளை மேடையேற்றுவார்கள். அவள் இரண்டு கையும் வலிக்க வலிக்கத் திட்டுவாள். சாய்தளம் கேட்டால் நேரே போய்க் கொடிக்கம்பத்தில் முட்டுகிற சாய்தளம் கட்டியிருக்கிறீர்கள். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடத்தைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். காது கேளாதவர்கள் நலனுக்கு என்று வந்த நிதியில் மேடைக்கு மைக் வாங்கியிருக்கிறீர்கள். உங்களுக்கெல்லாம் வெட்கம் என்று ஒன்று உண்டா என்று முடிப்பாள். உடனே முன்வரிசை முழுக்கப் பூரிப்பு. ஒருமுறை ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடையேறி வந்து அவள் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்துவிட்டுப் போனாள்.

பெரிய பதவிக்குப் போனால் தோல் தடித்துவிடும் போலிருக்கிறது என்று பேச்சி நினைத்துக்கொண்டாள். வேறு எப்படி நினைப்பது?

கயத்தாறு பக்கம், லோடுமேன் மகள். பிறக்கும்போதே காது கேட்காது. அது தெரிவதற்கு முன்பே குலதெய்வத்தின் பெயரை வைத்துவிட்டார்கள். "பேச்சின்னு பேரு, பேச்சுதான் வரல" என்ற நகைச்சுவையை அவளைச் சந்தித்த ஒவ்வோர் அதிகாரியும் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பொருளாதாரம் எம்.ஏ. இரண்டாம் வருடம்.

எம்.ஏ.வில் சேர்ந்த அன்று அவள் கழுத்தில் 'இன்குரல்' மாட்டினார்கள். மணிக்கட்டில் இரண்டு வளையம், கழுத்தில் ஒரு பட்டை. வளையம் கையசைவைப் படிக்கும், பட்டை அதைத் தமிழில் பேசும். எதிராளி பேசுவது மணிக்கட்டுத் திரையில் எழுத்தாக ஓடும். பட்டை என்ன பேசுகிறது என்று அவளுக்குக் காட்டுகிற திரை கிடையாது. தான் சொன்னது தனக்குத் தெரியாதா என்று வடிவமைத்தவர்கள் நினைத்திருக்க வேண்டும். கூட்டக் குறிப்பிலும் 'மாணவர் பிரதிநிதி கருத்துரைத்தார்' என்ற ஒற்றை வரிதான் வரும்.

அன்று கூட்டம் முடிந்து கேண்டீனுக்கு வந்தபோது ஜெபக்கனி உட்கார்ந்திருந்தாள். கல்லூரியின் ஒரே சைகை மொழிபெயர்ப்பாளர். அவளுக்குக் காது கேட்கும். ஆனால் அப்பா அம்மா இருவருக்கும் கேட்காது, அதனால் வாய் பேசுமுன்னே அவள் கை பேசப் பழகியது. இன்குரல் வந்த பிறகு அவளுக்கு வகுப்பறைக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்கள். இன்குரல் ஓடுகிற இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கையை ஆட்டினால் கருவி குழம்பிவிடும் என்று விதி. இந்தக் கல்வியாண்டோடு அந்த ஸ்டூலும் போகப்போகிறது. அரசுக் கல்லூரிகளில் மொழிபெயர்ப்பாளர் பணியிடங்களையே எடுத்துவிடலாம் என்று குழு அறிக்கை தயாரித்து வைத்திருந்தது. அடுத்த வாரம் கடைசிக் கூட்டம். அறிக்கை மேலே போக மாணவர் பிரதிநிதியின் ஒப்புதல் வேண்டும்.

ஜெபக்கனிக்கு எதிரே இசக்கிமுத்து சார் இருந்தார். வரலாற்றுத் துறை. பிறவியிலேயே பார்வை இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் சங்கத் தலைவர், குழுவில் ஆசிரியர் பிரதிநிதி. அவரும் பேச்சியும் ஒரே குழுவில் இருந்தும் ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. அவள் கையை அவரால் பார்க்க முடியாது, அவர் குரலை அவளால் கேட்க முடியாது. நடுவில் அந்தப் பட்டை மட்டும். அவர் தன்னைக் கண்டால் முகத்தைச் சுளித்துக்கொண்டு போவது அவளுக்குத் தெரியும். ஏன் என்று தெரியாது.

"ஜெபக்கனி, அந்தப் பிள்ள வந்துட்டாளா?" என்றார் அவர், உளுந்து வடையைப் பிட்டுக்கொண்டே. "வந்தா ஒரு வார்த்த சொல்லிருங்க. காலை நக்குறதுக்கும் ஒரு அளவு வேணும்."

பேச்சி பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். கனியக்கா இருக்கும்போது அவளுக்கு அது தேவையில்லை. "என்ன சொல்லுதாரு?" என்று கையால் கேட்டாள்.

"சாருக்கு நீ மேடையில பேசுனது பிடிக்கலையாம்" என்றாள் ஜெபக்கனி, கையால்.

"வெட்கங்கெட்டவனுகன்னு சொன்னது பிடிக்கலையாமா? அப்போ இவரும் அவனுக ஆளுதான்."

ஜெபக்கனி அதை வாயால் சொன்னாள். இசக்கிமுத்து வடையைத் தட்டில் வைத்தார்.

"யாரு யார வெட்கங்கெட்டவன்னு சொன்னா?"

"இவதான் சார். இப்ப மேடையில."

"ஏ அம்மா, நான் மூணாவது நாற்காலியில உக்காந்திருந்தேன். எனக்குக் கண்ணுதான் அவிஞ்சிருக்கு, காது இல்ல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேன் தடவிய ஒரு குரலில் ஒப்பித்தார்: "பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எங்களுக்காகச் சாய்தளம் அமைத்துத் தந்த தங்கள் கருணைக்கு எப்படி நன்றி சொல்வேன். அதன் அருகிலேயே தேசியக் கொடி பறப்பது எங்களுக்குப் பெருமை. என் கண்கள் பனிக்கின்றன."

ஜெபக்கனியின் கை பாதியில் நின்றது. பிறகு முழுவதையும் சொன்னது. பேச்சி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையிலிருந்து பட்டையை எடுத்து மாட்டினாள். இசக்கிமுத்துவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"இப்ப என்ன சொன்னா?" என்றார் அவர்.

"ஒரு கெட்ட வார்த்தை சார்."

"எனக்கு, 'சார் சாப்பிட்டீர்களா' ன்னு கேக்குது."

மறுபடி அசைத்தாள். முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொண்டு, கையை வெட்டி இழுத்து, மாட்டேன், மாட்டவே மாட்டேன் என்றாள்.

"'சற்று யோசித்தேன், மனமார ஒப்புக்கொள்கிறேன்' ங்குது" என்றார் இசக்கிமுத்து. வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "ரெண்டு வருஷமா உன்ன நன்றி டப்பான்னு திட்டிட்டுக் கெடக்கேன் பிள்ள. ஸ்டாஃப் ரூம்ல உனக்கு அதான் பேரு."

"இவர நான் திமிர் பிடிச்ச கிழவன்னு நெனச்சேன்" என்றாள் பேச்சி, பட்டையைக் கழற்றிவிட்டு, கனியக்கா வழியாக.

"அது சரிதான்" என்றார் அவர்.

"எதுக்கு சார் இப்படிச் செஞ்சு வச்சிருக்கானுக?" என்று ஜெபக்கனி கேட்டாள். "ஒருத்தி சொல்லுறத மாத்திச் சொல்ல ஒரு மிஷினா?"

"மாத்தணும்னு எவனும் உக்காந்து யோசிச்சிருக்க மாட்டான். அந்த அளவுக்கு நம்மள யாரு மதிக்கா? இத வெள்ளோட்டம் விட்டப்ப என்னையும் கூப்பிட்டான். ஒவ்வொரு பேச்சு முடிஞ்சதும் நட்சத்திரம் போடச் சொன்னான். யார? கேக்குறவங்கள. நல்லா இருந்துச்சா, இதமா இருந்துச்சான்னு. பேசுனவங்க கிட்ட ஒருத்தனும் கேக்கல. திட்டு வாங்குனவன் எவனாவது அஞ்சு நட்சத்திரம் போடுவானா? மிஷின் படிச்சுக்கிட்டது. கேக்குறவனுக்கு எது இனிக்குமோ அதச் சொல்லு. சொல்லுறவ எக்கேடும் கெட்டுப் போட்டும்."

பேச்சிக்கு அப்போது குழு நினைவுக்கு வரவில்லை. விடுதி அறை நினைவுக்கு வந்தது. அறைத்தோழி மெர்லின் ஒவ்வொரு ராத்திரியும் அவளோடு கதை பேசிவிட்டுத்தான் தூங்குவாள். உன்னைப் போல அன்பா எங்க அம்மாகூடப் பேசுனதில்ல என்று போன பிறந்தநாளுக்கு அவள் சொன்னது திரையில் ஓடியிருந்தது. அன்று பேச்சி அவளிடம் என்ன சொன்னாள்? குளியலறையில் முடியை எடுத்துப் போடு, நாறுது என்று சொன்னாள்.

"என் பேர்ல ஒருத்தி இருந்திருக்கா" என்றாள் கனியக்காவிடம். "எனக்கு அவள அறிமுகமே கிடையாது."

பிறகுதான் ஒப்புதல் விஷயத்துக்கு வந்தார்கள். குழுவின் விதி, குரல் பதிவே கையொப்பம். கையெழுத்துப் போட முடியாதவர்களுக்காகத் தலைவரே யோசித்துக் கொண்டுவந்த புரட்சி அது. பத்திரிகையில் பெட்டிச் செய்தியாக வந்தது. பட்டையைப் போட்டுக்கொண்டு போனால் அவள் ஒப்புக்கொண்டுவிடுவாள். போடாமல் போனால் ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டு, மாற்று உறுப்பினரிடம் ஒப்புதல் வாங்கிவிடுவார்கள். எப்படிப் போனாலும், அடுத்த வருடம் வருகிற பிள்ளைகள் எல்லோரும் வாயில்லாமல், பட்டையின் வாயோடு, நன்றி சொல்லிக்கொண்டே பட்டம் வாங்கிவிட்டுப் போவார்கள்.

"எழுதிக் குடுக்கேன்" என்றாள் பேச்சி.

"குடு. ஆனா அந்த இடத்துல இவளும் இருக்கணும்" என்று ஜெபக்கனி பக்கம் கையை நீட்டினார் இசக்கிமுத்து.

"என்ன உள்ள விட மாட்டாங்க சார்."

"மொழிபெயர்ப்பாளரா விட மாட்டான். எனக்குக் கண்ணு தெரியாதுல்லா? கைய பிடிச்சுக் கூட்டிட்டுப் போக ஒரு துணை வச்சுக்க எனக்கு உரிமை உண்டு. அதுக்குச் சட்டமே இருக்கு."

"இத்தன நாளும் தனியாத்தான வாறீங்க?"

"எனக்குத் தேவைப்படல. அவனுகளுக்கு அது தெரியவா போகுது?"

குழுத் தலைவர் திருமலைக்கொழுந்து ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. எந்தக் கூட்டத்தையும் 'அனுபவப் பயிற்சி' இல்லாமல் அவர் தொடங்கமாட்டார். உறுப்பினர்கள் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு நாலு எட்டு நடப்பார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கூடத்தை ஒரு சுற்று சுற்றி வருவார்கள். படம் எடுப்பார்கள். கட்டை அவிழ்த்ததும் ஒருவராவது "அப்பப்பா, எப்படித்தான் வாழ்றாங்களோ" என்பார். பிறகு முந்திரி பக்கோடா வரும். அந்தச் சக்கர நாற்காலியை மேலே தூக்கி வர இரண்டு ஊழியர்கள் மாடிப்படியில் மூச்சு வாங்கியதை யாரும் எந்தப் பயிற்சியிலும் சேர்க்கவில்லை.

கடைசிக் கூட்டத்துக்கு நிருபர்களும் வந்திருந்தார்கள். பேச்சி பட்டையோடுதான் வந்தாள், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நேரே போய்த் தலைவரிடம் தாளை நீட்டினாள். எனக்கு ஒப்புதல் இல்லை, இந்தக் கருவி என் பேச்சை மாற்றுகிறது, மொழிபெயர்ப்பாளர்களை நீக்கக் கூடாது என்று தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

தலைவர் படித்தார். சிரித்தார். பக்கத்திலிருந்த செயலரிடம் காட்டினார்.

"யாரோ எழுதிக் குடுத்து அனுப்பியிருக்காங்க. வேலை போகப்போற ஆளுங்களா இருக்கும். இந்தப் பிள்ள இப்படிப் பேசுற பிள்ளையா? ரெண்டு வருஷமா நாம இவ குரலக் கேக்குறோமே, நமக்குத் தெரியாதா?"

பேச்சியின் மணிக்கட்டுத் திரையில் 'தங்கள் மடலுக்கு நன்றி. கவனத்தில் கொள்கிறோம்' என்று ஓடியது. மூன்றாவது நாற்காலிக்குப் பின்னால் 'துணை'யாக நின்றிருந்த ஜெபக்கனியின் கை வேறு ஒன்றைச் சொன்னது. பேச்சி இரண்டையும் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டே தன் இடத்துக்குப் போனாள்.

அன்றைய பயிற்சி, காது கேளாமை. தலைவருக்குச் சத்தமே நுழையாத பெரிய ஹெட்போன் மாட்டினார்கள். மணிக்கட்டில் வளையம், கழுத்தில் பட்டை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டது மாதிரி அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். படம் எடுக்கிறவனைப் பார்த்து, வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, தள்ளிப் போ என்று கையை வீசினார்.

"தாங்கள் வந்தது என் பாக்கியம்" என்றது அவர் கழுத்து.

கூடத்தில் சிலர் களுக்கென்று சிரித்தார்கள். அவருக்குக் கேட்கவில்லை. ரசிக்கிறார்கள் என்று அவரும் சிரித்தார். இசக்கிமுத்து தலையைத் திருப்பி ஜெபக்கனியிடம் முணுமுணுக்க, அவள் அதைக் கையால் பேச்சிக்குச் சொன்னாள்.

பேச்சி எழுந்தாள். மேசையில் கிடந்த தன் தாளை எடுத்தாள். பின்பக்கம் பெரிய எழுத்தில், 'மொழிபெயர்ப்பாளர்கள் நீடிக்கட்டும். ஒப்புக்கொள்கிறீர்களா?' என்று எழுதி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். இசக்கிமுத்து அதையே வகுப்பு எடுக்கிற தொண்டையில் கேட்டார். கேள்வி கூடம் முழுக்கவும், அந்தப் பட்டைக்கும் கேட்டது.

தலைவர் படித்துவிட்டு முகம் சுருங்கினார். இரண்டு கையையும் விரித்து, இல்லை இல்லை, நடக்காது என்று ஆட்டினார்.

"சற்று யோசித்தேன். மனமார ஒப்புக்கொள்கிறேன். நன்றி" என்றது பட்டை.

செயலர் பழக்க தோஷத்தில் அதைப் பதிவில் ஏற்றிவிட்டார். நிருபர்கள் சிரித்ததைப் பார்த்துத் தலைவர் கும்பிடு போட்டார். யாரோ ஓடிப்போய் ஹெட்போனைக் கழற்றிக் காதில் சொன்ன பிறகுதான் அவர் முகம் மாறியது.

"நான் எங்கய்யா ஒத்துக்கிட்டேன்? அது மிஷின் சொன்னது. நான் சொன்னது இல்ல."

"நல்லது அய்யா" என்றார் இசக்கிமுத்து. "அப்போ ரெண்டு வருஷமா இந்தப் பிள்ள சொன்னதும் இவ சொன்னது இல்ல. அதையும் பதிவுல ஏத்திக்கிடுங்க."

தலைவர் பட்டையைப் பிய்த்து மேசையில் எறிந்தார். பேச்சியின் பக்கம் திரும்பினார். அவர் வாய் கோணியது, கழுத்து நரம்பு புடைத்தது. பேச்சிக்கு வார்த்தை தெரியவில்லை. திரையைப் பார்த்தாள்: 'தலைவர் உங்கள் துணிச்சலைப் பாராட்டுகிறார்.' ஜெபக்கனியைப் பார்த்தாள். ஜெபக்கனியின் கை அசையாமல் தொங்கியது.

"என்ன சொன்னாரு யக்கா?"

"கோவமா இருக்காரு. விடு."

"என்ன சொன்னாரு?"

"ஏட்டி, அது உனக்கு எதுக்கு?"

"நீயும் மிஷினாக்கா?"

ஜெபக்கனி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கையைத் தூக்கினாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். "ஊமச் சிறுக்கி, எங்க பிச்சையில படிச்சுட்டு எங்களையே கேலி பண்ணுதியா. உனக்கெல்லாம் சீட்டு குடுத்ததே தப்பு. மாடு மேய்க்கப் போயிருக்கணும்."

பேச்சிக்கு வலித்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இரண்டு வருடம் பத்தியச் சோறு தின்றவளுக்கு முதல்முதலாக நாக்கில் உப்பு பட்டது. இப்படித்தானே இவர்கள் எப்போதும் பேசியிருப்பார்கள். நன்றி, மகிழ்ச்சி, கவனத்தில் கொள்கிறோம் என்று அவள் மணிக்கட்டில் ஓடியதெல்லாம் இந்த வாயிலிருந்து வந்ததுதானே. அவள் கன்னத்தைக் கிள்ளிய அம்மாள் அன்று தோழியிடம் திரும்பி என்ன சொல்லிவிட்டுப் போனாளோ.

அவள் தன் பட்டையையும் கழற்றினாள். வலது கையின் திரையைத் தலைவருக்கும், அவருக்குப் பின்னால் செல்போனை நீட்டியிருந்த நிருபர்களுக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். மறு கையால் பேசினாள். ஜெபக்கனி குரல் கொடுத்தாள். அந்தப் பேச்சில் 'அய்யா'வும் இல்லை, 'அவர்களே'யும் இல்லை.

"நீ என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியும். மிஷின் என்ன சொல்லுதுன்னு நீயே படிச்சுக்க."

தலைவர் படித்தார். நிருபர்களின் செல்போன்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவர் குரல் சட்டென்று இறங்கியது.

"இதான்... நான் சொன்னது இதான். துணிச்சலான பொண்ணுன்னுதான் சொன்னேன். இந்தக் கருவி சரியா புரிஞ்சுக்கிட்டிருக்கு."

"அய்யா, எதையாவது ஒண்ணச் சொல்லுங்க" என்றார் இசக்கிமுத்து. "மிஷின் சொன்னா நீங்க சொன்னதா, இல்லையா? இல்லைன்னா, ரெண்டு வருஷமா இவ குடுத்த ஒப்புதல் ஒண்ணும் செல்லாது, நீங்க இப்ப இவள என்ன வார்த்த சொன்னீகன்னு நாளைக்குப் பேப்பர்ல வரும். ஆமான்னா, மொழிபெயர்ப்பாளர் நீடிக்க மனமார ஒப்புக்கிட்டீக. செயலர் பதிவுல ஏத்தியாச்சு."

முந்திரி பக்கோடா தட்டோடு வந்த பணியாளர் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். திருமலைக்கொழுந்து கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்தார். கெட்டவராக இருப்பதற்கு அவருக்கு எந்தத் தயக்கமும் கிடையாது. கெட்டவராக அச்சில் வருவதுதான் ஆகாது.

"மிஷின் சொன்னதுதான்" என்றார்.

மறுநாள் பத்திரிகைகள் அவருடைய பெருந்தன்மையைப் புகழ்ந்தன. மொழிபெயர்ப்பாளர்கள் நீடிக்க, தானே கருவியை அணிந்து உணர்ந்து, மனமுவந்து ஒப்புதல் அளித்த தலைவர். பேச்சி அவருக்குப் பக்கத்தில் நின்ற படத்தைப் போட்டு, 'நெகிழ்ந்த மாணவி' என்று எழுதியிருந்தார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். ஆணை வந்தது. ஜெபக்கனியின் ஸ்டூல் வகுப்பறைக்குள் வந்தது. முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் பத்து நிமிடம் பேசி முடித்ததும், "இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லல, நோட்ஸ் எடுக்காத" என்று கனியக்கா கையால் சொன்னாள். பேச்சி முதல்முறையாக வகுப்பில் சிரித்தாள்.

விடுதியில் மெர்லின் சிரிக்கவில்லை. பட்டை இல்லாத பேச்சியோடு எழுதி எழுதிப் பேசிப் பார்த்தாள். பேச்சி நல்லபடியாகத்தான் பதில் எழுதினாள். முடியை எடுத்துப் போடு என்று எழுதினாள். நீ காதலிக்கிறவன் சரியில்லை, உன் பணத்தில் டீ குடிக்கிறான் என்று எழுதினாள். சைகை கற்றுக்கொள், நான் சொல்லித் தருகிறேன் என்றும் எழுதினாள். மெர்லின் எல்லாவற்றையும் படித்தாள். அழுதாள். ரூமில் மட்டும், ராத்திரி மட்டும் அதைப் போட்டுக்கோயேன் என்று எழுதிக் காட்டினாள். பேச்சி முடியாது என்று தலையாட்டினாள்.

மறு வாரம் மெர்லின் வேறு அறைக்கு மாறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அந்தப் பட்டையைத் தருவாயா என்று எழுதிக் கேட்டாள். இரண்டு வருடம் பழகிய பட்டை, கையே இல்லாமலும் பதில் சொல்லுமாம். கம்பெனியில் விசாரித்துவிட்டாளாம்.

பேச்சி அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள். மெர்லின் அதைத் துப்பட்டாவில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டே போனது. நடுவில் ஒரு கணம் நின்று, கேட்பதற்காகக் காத்திருந்து, பிறகு சிரித்தாள்.